மேற்கு வாசல்: குடவாசல் என்னும் பெயரின் பொருளும் ஒலியும் வழக்கும்

(குடவாசலில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். நீங்கள் பேசத் தொடங்கிய நாள் முதல் சொல்லிவரும் சொல். பள்ளிச் சான்றிதழில் இருக்கிறது, குடும்ப அட்டையில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது. கும்பகோணம் பேருந்து நிலையத்தில் நடத்துநர் "நாச்சியார்கோயில், திருச்சேறை, குடவாசல்" என்று குரல் கொடுக்கும்போது மூன்றாவதாக வருகிறதே, அந்தச் சொல். உங்கள் ஊரின் பெயர்.

இந்தப் பெயருக்குப் பொருள் என்ன? இதை எப்படி ஒலிப்பது? ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது? இவற்றை முடிவு செய்யும் உரிமை யாருக்கு? ஏட்டுக்கா, அரசாணைக்கா, அல்லது இந்த ஊரில் வாழும் மக்களின் வாய்க்கா? இந்தக் கேள்விகளைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

முதலில் பொருள். தமிழில் திசைகளுக்குப் பழைய பெயர்கள் உண்டு. கிழக்கைக் குணக்கு என்றார்கள். மேற்கைக் குடக்கு என்றார்கள். கீழைக்கடல் குணகடல், மேலைக்கடல் குடகடல். மேற்குத் தொடர்ச்சி மலை குடமலை. நம் காவிரி எங்கே பிறக்கிறது? குடகில். அந்தக் குடகு என்ற பெயரும் மேற்கைக் குறிக்கும் இதே 'குட' என்ற அடியிலிருந்து வந்தது என்பது அறிஞர் பலர் கொண்ட கருத்து. எண்ணிப் பாருங்கள். ஆறு பிறக்கும் மலையிலும் 'குட' இருக்கிறது. அந்த ஆறு கிளை கிளையாகப் பிரிந்து, சோழசூடாமணி என்றும் முடிகொண்டான் என்றும் சோழர் காலப் பெயர்களைச் சுமந்து நம் வயலுக்கு வரும் இந்தச் சமவெளியிலும் 'குட' இருக்கிறது.

அடுத்தது வாயில். வீட்டுக்கு 'இல்' என்று பெயர். இல்லத்தின் வாய், இல்வாய். அது முன்பின்னாக மாறி வாயில் ஆயிற்று. இல்முன் முன்றில் ஆனதுபோல. இதைப் பள்ளிக்கூடத்தில் இலக்கணப்போலி என்று படித்திருப்பீர்கள். ஆக, குடவாயில் என்றால் மேற்கு வாயில். தஞ்சாவூருக்குப் போனால் கீழவாசல் இருக்கிறது. மதுரைக்குப் போனால் தெற்குவாசல் இருக்கிறது. பின்னாளைய தமிழில் மேலவாசல் என்று சொல்கிறோமே, அதையே சங்கத் தமிழ் குடவாயில் என்று சொன்னது.

இதற்குச் சான்று வேண்டுமா? இந்தப் பெயருக்கு ஓர் இணைப்பெயர் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் பதிகத்தில் இளங்கோவடிகள் தங்கியிருந்த இடம் குணவாயிற் கோட்டம். உரையாசிரியர் அடியார்க்கு நல்லார், குணவாயில் என்பது வஞ்சிக்குக் கிழக்கே இருந்த ஊர் என்று எழுதுகிறார். அங்கே குணவாயில், இங்கே குடவாயில். அங்கே கிழக்கு, இங்கே மேற்கு. அங்கே குணவாயிற் கோட்டம், இங்கே குடவாயிற் கோட்டம். இரண்டு பெயரும் ஒரே மரபில் வந்தவை. தலைநகரின் திசையைச் சொல்லி வாயிற்புற ஊரை அழைக்கும் மரபு அது.

ஆனால் இன்னொரு பொருளும் இந்த ஊரில் வழங்குகிறது. அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஊழி வெள்ளத்தில் மிதந்து வந்த அமுதக் குடம் உடைந்தது. அதன் அடிப்பாகம் தங்கிய இடம் கும்பகோணம். நடுப்பாகம் தங்கிய இடம் கலயநல்லூர் என்னும் சாக்கோட்டை. வாய்ப்பாகம் தங்கிய இடம் குடவாசல். இப்படித் தலபுராணம் சொல்கிறது. கருடன் தாயின் அடிமைத்தளையை நீக்க அமுத குடம் கொண்டுவந்த கதையும் இந்த ஊர்க் கோணேசுவரர் கோயிலோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது. கும்பகோணத்தின் பழம்பெயர் குடமூக்கு. அங்கே மூக்கு, இங்கே வாய். மூன்று ஊர்களை ஒரே குடத்தின் மூன்று பாகமாக்கி உறவு சொன்ன அந்தக் கற்பனை இந்த மண்ணின் பக்தியில் விளைந்தது. அது போற்றத்தக்கது. ஆனால் சொல்லாராய்ச்சி என்று வரும்போது என் தீர்ப்பு மேற்கு வாயிலின் பக்கம்தான். குணவாயில் என்ற இணைப்பெயர் இருக்கும்போது, குட என்பதைத் திசையாகக் கொள்வதே நேர்வழி.

சரி, வாயில் என்றால் எந்த வாயில்? வெறும் வீட்டு வாசலா? இல்லை. சங்கப் பாடல்களைப் பாருங்கள். இந்த ஊரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் தாங்கிய பெரும்புலவர் ஒருவர் இருந்தார். குடவாயிற் கீரத்தனார். அகநானூற்றில், குறுந்தொகையில், நற்றிணையில், புறநானூற்றில் அவர் பாடல்கள் இருக்கின்றன. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மாண்டபோது, பூச்சூட ஆளில்லாத நாட்டில் முல்லையே நீயும் பூத்தாயோ என்னும் பொருள்படப் பாடினாரே, புறநானூற்றின் 242ஆம் பாட்டு, அதைப் பாடியவர் உங்கள் ஊர்க்காரர்!

அகநானூற்றின் 44ஆம் பாட்டில் அவர் என்ன செய்கிறார்? போர் முடிந்து தலைவன் வீடு திரும்புகிறான். தேர்ப்பாகனை விரைவாக ஓட்டச் சொல்கிறான். காத்திருக்கும் தலைவியின் அழகுக்கு உவமை சொல்ல வேண்டும். நிலவைச் சொல்லவில்லை, மலரைச் சொல்லவில்லை. குடவாயிலைச் சொல்கிறார்! பழைய நெல் குவிந்து கிடக்கும் ஊர், குடிகள் பெருகிய ஊர், யானை படியும் குளமுள்ள ஊர், பசுமையான காவற்காடு சூழ்ந்த ஊர், அந்தக் குளிர்ந்த குடவாயிலைப் போன்றவள் என் தலைவி என்று சொல்ல வைக்கிறார். ஒரு பெண்ணின் அழகுக்கு ஓர் ஊரை ஒப்பிட வேண்டுமானால் அந்த ஊரின் மீது எவ்வளவு காதல் இருந்திருக்க வேண்டும்! அதிலும் முதலில் கண்ணில் பட்டது எது? நெல். பழைய நெல். புது அறுவடை வந்த பிறகும் பழையது தீராமல் இருக்கும் வளம். இந்த அவையில் இருக்கும் எந்த உழவருக்கும் அதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

நற்றிணை 379ஆம் பாட்டும் அவருடையதே. அதில் இந்த ஊர் குடந்தைவாயில் என்று வருகிறது. அழுத கண்ணுக்கு உவமையாக, அந்த ஊரின் கிடங்கில் மழையில் நனைந்த நீலமலரைச் சொல்கிறார். கிடங்கு என்றால் என்ன? இன்று நெல் மூட்டை அடுக்கும் இடத்தைக் கிடங்கு என்கிறோம். சங்கத் தமிழில் கிடங்கு என்றால் அகழி. கோட்டையைச் சுற்றிய நீரகழி. காவற்காடு இருக்கிறது, அகழி இருக்கிறது, வாயில் இருக்கிறது. அப்படியானால் அது காவல் சூழ்ந்த கோட்டை வாயில்.

கோட்டை வாயில் என்றால் காவல் இருக்கும். காவல் இருந்தால் சிறையும் இருக்கும். புறநானூற்றின் 74ஆம் பாட்டுக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானோடு போரிட்டுத் தோற்றான். பிடிபட்டான். எங்கே சிறைவைத்தார்கள்? குடவாயிற் கோட்டத்துச் சிறையில். தாகம் எடுத்தது. தண்ணீர் கேட்டான். காவலர் உடனே கொடுக்கவில்லை. காலம் தாழ்த்திக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த நீரைக் கையில் வாங்கினான். குடிக்கவில்லை. கேட்டுப் பெற்ற தண்ணீரைக் குடித்து உயிர் வாழ்வதா என்று ஒரு பாட்டுப் பாடி உயிர் துறந்தான். பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனை மீட்டார் என்று வேறு ஒரு மரபும் உண்டு. எது நடந்திருந்தாலும், தமிழ் உலகம் மானத்துக்கு எடுத்துக்காட்டும் இடம் இந்த மண். தண்ணீருக்குப் பெயர்போன காவிரிச் சமவெளியில், ஒரு குவளைத் தண்ணீரை மறுத்து ஒருவன் மாண்டான். அந்தச் செங்கணானே இந்தக் கோணேசுவரர் கோயிலை யானை ஏறாத மாடக்கோயிலாக எழுப்பினான் என்பது வழிவழிச் செய்தி. ஞானசம்பந்தர் வந்து இரண்டு பதிகம் பாடினார். இந்த வரலாற்றைத் தேடித் தேடிக் 'குடவாயிற் கோட்டம்' என்ற பெயரிலேயே நூல் எழுதியவர் வரலாற்று அறிஞர் குடவாயில் பாலசுப்ரமணியன். கீரத்தனாரைப் போலவே ஊரின் பழம்பெயரைத் தம் பெயரின் தலையில் வைத்துக்கொண்டவர்.

இங்கே கொஞ்சம் கடல் கடந்து போய் வருவோம். இங்கிலாந்தில் கென்ட் என்றொரு மாவட்டம். அங்கே கேன்டர்பரி என்ற கோயில் நகரம். அதன் பழைய மதிலில் ஒரு வாயில் இன்னும் நிற்கிறது. ஏறத்தாழ 1380இல் கட்டியது. அதன் பெயர் வெஸ்ட்கேட். அப்படி என்றால்? மேற்கு வாயில். அதாவது குடவாயில்! அதே கென்ட் மாவட்டத்தின் கடற்கரையில் வெஸ்ட்கேட் என்றே ஓர் ஊரும் இருக்கிறது. இன்னும் கேளுங்கள். கேன்டர்பரியின் அந்த மேற்கு வாயில் பல நூற்றாண்டுகள் எதற்குப் பயன்பட்டது தெரியுமா? சிறையாக! வின்செஸ்டர் நகரத்தின் மேற்கு வாயிலும் கடன் கட்டாதவர்களை அடைக்கும் சிறையாக இருந்தது. கற்சுவர் தடித்திருக்கும், காவலர் இரவும் பகலும் இருப்பார்கள், கதவு வலுவாக இருக்கும். சிறைக்கு வேறென்ன வேண்டும்? தேம்ஸ் நாட்டிலும் சரி, காவிரி நாட்டிலும் சரி, மேற்கு வாயிலில் சிறை இருந்திருக்கிறது. நம் பழம்பாட்டின் குறிப்பு கட்டுக்கதை அன்று, கோட்டை வாயில்களின் இயல்போடு ஒத்துப்போகும் செய்தி என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பொருளைப் பார்த்தோம். இனி ஒலிக்கு வருவோம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நான் மேடையில் குடவாசல் என்கிறேன். நீங்கள் வீட்டில் எப்படிச் சொல்கிறீர்கள்? "கொடவாசலுக்குப் போயிட்டு வரேன்." கொடவாசல்! இதைக் கொச்சை என்று சிலர் சொல்வார்கள். திருத்தமாகப் பேசத் தெரியாதவர் பேச்சு என்பார்கள். இல்லை, இல்லவே இல்லை. இது ஒழுங்கான விதிப்படி நடக்கும் மாற்றம்.

முதல் எழுத்தில் உகரம் இருந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் அந்த உகரம் ஒகரம் ஆகும். குடம் கொடம் ஆகிறது. குடை கொடை ஆகிறது. உலகம் ஒலகம். குழந்தை கொழந்தை. முதலாளி மொதலாளி. ஆனால் குடி என்ற சொல்லைப் பாருங்கள். இரண்டாம் எழுத்தில் இகரம். அது மாறுமா? மாறாது. மஞ்சக்குடி போகிறேன் என்பார்கள், மஞ்சக்கொடி போகிறேன் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாத பாட்டி கூட இந்த விதியில் பிழை செய்வதில்லை. எழுதிவைக்காத இலக்கணம் அவர் நாவில் இருக்கிறது.

அடுத்தது யகரம் சகரம் ஆவது. வாயில் எப்படி வாசல் ஆயிற்று? உயிர் எப்படி உசிரு ஆயிற்றோ அப்படித்தான். இப்போது நான் சொல்லும் சொல்லைக் கவனியுங்கள். உயரம். இதைப் பேச்சில் எப்படிச் சொல்கிறோம்? ஒசரம். உகரம் ஒகரம் ஆயிற்று, யகரம் சகரம் ஆயிற்று. இரண்டு மாற்றமும் ஒரே சொல்லில்! முயல் மொசல் ஆவதும் அப்படியே. இப்போது சங்கப் பெயரை எடுங்கள். குடவாயில். உகரம் ஒகரம் ஆகட்டும், யகரம் சகரம் ஆகட்டும். என்ன வருகிறது? கொடவாசல்! உயரத்தை ஒசரம் ஆக்கிய அதே வாய், முயலை மொசல் ஆக்கிய அதே வாய், குடவாயிலைக் கொடவாசல் ஆக்கியது. கீரத்தனார் காலத்திலிருந்து இன்று வரை நூலிழை அறாமல் வந்த தொடர்ச்சிக்கு உங்கள் பேச்சே சாட்சி. ஏட்டில் இருக்கும் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இதை நிறுவ முடியாது. வாயில் இருக்கும் பெயரும் வேண்டும்.

கன்னடத்தில் என்ன சொல்கிறார்கள்? நாம் குடகு என்பதை அவர்கள் கொடகு என்கிறார்கள். அங்கேயும் உகரம் ஒகரம் ஆயிற்று. காவிரி பிறக்கும் ஊரும் கொடகு, காவிரி பாயும் ஊரும் கொடவாசல். ஒரே அடிச்சொல், ஒரே மாற்றம்.

இப்போது வெள்ளைக்காரர் காலத்துக்கு வருவோம். 1799இல் இரண்டாம் சரபோசி மன்னரோடு செய்த உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. வரி வாங்க வேண்டும், நிலம் அளக்க வேண்டும், ஊர்ப்பெயர் எழுத வேண்டும். அப்படி எழுதியபோது என்னென்ன ஆயிற்று! தஞ்சாவூர் டாஞ்சூர் ஆயிற்று. திருச்சிராப்பள்ளி டிரிச்சினாபொலி ஆயிற்று. திருநெல்வேலி டின்னவெல்லி ஆயிற்று. திருவல்லிக்கேணி டிரிப்ளிகேன் ஆயிற்று. எழும்பூர் எக்மோர் ஆயிற்று. குடகு கூர்க் ஆயிற்று. நம் கடற்கரைத் தரங்கம்பாடியை 1620இல் வந்த டேனிஷ்காரர்கள் டிராங்கேபார் ஆக்கினார்கள். நம் பெயர்களில் இருந்த பொருள் எல்லாம் அந்த எழுத்துகளில் அழிந்துபோயிற்று. டிரிப்ளிகேன் என்று படிக்கும் பிள்ளைக்கு அதற்குள் அல்லி பூத்த ஒரு கேணி இருப்பது எப்படித் தெரியும்?

ஆனால் குடவாசல் விஷயத்தில் நடந்தது வேறு. ஆங்கில எழுத்தில் இந்த ஊரை 'கே, ஓ, டி, ஏ' என்று தொடங்கி எழுதும் வழக்கம் வந்தது. 'யு' போடவில்லை, 'ஓ' போட்டார்கள். இன்றைக்கும் அரசு ஆவணங்களில் ஓ போட்ட எழுத்தும் யு போட்ட எழுத்தும் இரண்டுமே புழங்குகின்றன. அந்த ஓ எப்படி வந்திருக்கும்? பிழையா? பிழை என்று நான் சொல்ல மாட்டேன். எழுதியவர் ஏட்டைப் பார்த்து எழுதவில்லை, ஊராரின் வாயைக் கேட்டு எழுதியிருக்கிறார் என்றே கொள்கிறேன். நீங்கள் கொடவாசல் என்றீர்கள். கேட்டது கேட்டபடி அதில் பதிவாகியிருக்கிறது. டாஞ்சூர் என்பது கேளாத காது. இந்த ஓ கேட்ட காது.

அப்படியானால் சிக்கல் எங்கே? ஆங்கிலத்தில் ஓ என்ற எழுத்துக்குக் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. வெளியூர்க்காரர் பெயர்ப்பலகையைப் படித்துக் கோடவாசல் என்கிறார். சிலர் கொடாவசல் என்கிறார். போதாததற்கு ஒரே மனிதரின் பள்ளிச் சான்றிதழில் ஓ, ஆதார் அட்டையில் யு என்று இருந்தால், சிங்கப்பூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ வேலைக்குப் போகும் பிள்ளை அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கிறது.

இதைச் சரிசெய்ய அரசு முயலவில்லையா? முயன்றது. 1982இல் மாயூரம் மயிலாடுதுறை ஆனது. 1996இல் மெட்ராஸ் சென்னை ஆனது. 2020 ஜூன் மாதம் தமிழக அரசின் ஓர் ஆணை வெளியாயிற்று. தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கில எழுத்து அமையட்டும் என்று 1,018 ஊர்களின் பட்டியலைத் தந்தார்கள். நோக்கம் உயர்ந்தது. அதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் பட்டியல் வந்ததும் என்ன நடந்தது? வேலூருக்கு இரண்டு 'ஈ' போட்டார்கள். படித்தவர்கள் வீலூர் என்றார்கள். கோயம்புத்தூருக்கு எழுத்துக்கு எழுத்து நீட்டி எழுதினார்கள். எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஏன் அப்படி ஆயிற்று? தமிழ் எழுத்தைப் பார்த்து ஆங்கில எழுத்தைக் கூட்டினார்கள். ஊர் ஊராகப் போய், ஊரார் சொல்லக் கேட்டு, வெளியூரார் அதைப் படிக்கக் கேட்டு, அதன் பிறகு முடிவு செய்திருந்தால் அந்தப் பணி நின்றிருக்கும்.

இந்த இடத்தில் ஆங்கிலேயர் தங்கள் ஊர்ப்பெயரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நடு இங்கிலாந்தில் ஒரு நகரம். ஒன்பது எழுத்து. எழுத்துக்கூட்டிப் படித்தால் லைசெஸ்டர் என்று வரும். ஆனால் ஊரார் சொல்வது லெஸ்டர். இன்னொன்று, எழுத்துப்படி வொர்செஸ்டர், வாய்ப்படி வுஸ்டர். உலகத்துக்கே நேரம் சொல்லும் ஊர் இருக்கிறதே, எழுத்துப்படி கிரீன்விச், வாய்ப்படி கிரெனிச். ஊரார் வாய் சொல்வதே சரி என்று உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்டு அந்த ஊர்களின் பெயரை ஒலிக்கிறது. அவர்கள் ஊரார் வாய்க்கு இருக்கும் மதிப்பு நம் ஊரார் வாய்க்கு ஏன் இல்லை? லெஸ்டர் என்பது நாகரிகம், கொடவாசல் என்பது கொச்சை என்று யார் சொன்னது?

அந்தப் பெயர்களின் பொருளையும் பாருங்கள். லெஸ்டர், வுஸ்டர், மான்செஸ்டர், இவற்றின் கடைசியில் இருப்பது ரோமானியரின் பழைய இலத்தீன் சொல். படை தங்கிய இடம் என்று பொருள். நாம் அதைப் பாளையம் என்போம். கோயம்புத்தூரைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்கிறார்கள் அல்லவா? அந்த ஊரைச் சுற்றிலும் மேட்டுப்பாளையம், பெரியநாயக்கன்பாளையம் என்று பாளையங்கள்தாமே! ஆக்ஸ்போர்டு என்றால் எருது ஆற்றைக் கடக்கும் துறை. நம் பக்கத்தில் ஆடுதுறை இருக்கிறது. ஊருக்குப் பெயர் வைக்கும்போது மனிதன் எங்கும் ஒரே மாதிரிதான் நினைத்திருக்கிறான். ஆற்றைப் பார்த்தான், துறையைப் பார்த்தான், படையைப் பார்த்தான், திசையைப் பார்த்தான்.

பெயரைச் சுருக்குவதும் நமக்குப் புதிதல்ல. அதற்கு மரூஉ என்று நன்னூலில் பெயரே இருக்கிறது. தஞ்சாவூர் தஞ்சை. கோயம்புத்தூர் கோவை. சோழநாடு சோணாடு. குடந்தை என்ற பெயரைக் கேட்டால் இன்று எல்லோரும் கும்பகோணத்தை நினைக்கிறோம். சங்கப் பாட்டில் குடந்தை என்று வருவது குடவாயில்தான் என்று கொள்வோர் உண்டு. நானும் அந்தக் கட்சியே. நற்றிணையில் குடந்தைவாயில் என்று சேர்ந்தே வருகிறதே, அதுதான் எனக்குச் சான்று. அகநானூற்றின் 60ஆம் பாட்டில் சோழர், நாடு தந்த செல்வத்தைக் குடந்தையில் வைத்துக் காத்தார்கள் என்ற செய்தியைப் பாடியவரும் யார்? குடவாயிற் கீரத்தனாரே. தம் ஊரைத்தான் பாடியிருக்கிறார்.

ஆகவே, உங்கள் முன் நான் வைக்கும் முடிவு இது. எழுத்தில் குடவாசல் இருக்கட்டும். பேச்சில் கொடவாசல் இருக்கட்டும். பழம்பெருமை பேசும் இடத்தில் குடவாயில் இருக்கட்டும். மூன்றும் ஒரே பெயர். எதையும் எதற்காகவும் விட வேண்டாம். ஆங்கில எழுத்தில் மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா அலுவலகத்திலும் அதையே எழுத வேண்டும் என்று கேளுங்கள். எந்த எழுத்து என்பதை இந்த ஊர் பேரூராட்சியும் இந்த ஊர் மக்களும் கூடிச் சொல்லட்டும். சென்னைக் கோட்டையிலிருந்து பட்டியல் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இன்னும் ஒரு பணி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக இங்கே வந்தேன்.

இங்கிலாந்தில் 1923இல் ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். நூறாண்டு கடந்துவிட்டது. மாவட்டம் மாவட்டமாகத் தொகுதி வெளியிட்டு வருகிறார்கள். ஊர்ப்பெயர் மட்டுமா? தெருப்பெயர், ஓடைப்பெயர், வயல்பெயர் வரை தொகுக்கிறார்கள். நமக்கும் ரா. பி. சேதுப்பிள்ளை 1946இல் 'ஊரும் பேரும்' தந்தார். தமிழ்நாடு முழுவதையும் ஒருவர் தனியாக நடந்து பார்த்த நூல் அது. அதற்குப் பிறகு வட்டம் வட்டமாக, ஊர் ஊராக, வயல் வயலாக நாம் இறங்கியிருக்க வேண்டாமா?

வயலுக்குப் பெயர் உண்டா என்று நகரத்தார் கேட்பார்கள். நீங்கள் கேட்க மாட்டீர்கள். மேலவெளி, கீழவெளி, குளத்தடி, கோயில்பற்று, தலைமடை, கடைமடை என்று உங்களுக்குத் தெரியும். எந்த மடைக்கு என்ன பெயர், எந்தத் திடலில் யார் இருந்தார்கள், எந்தப் படுகையில் என்ன விளைந்தது என்று உங்கள் தாத்தாவுக்குத் தெரியும். சோழர் கல்வெட்டைப் பாருங்கள். ஒரு நிலத்தைச் சொல்லும்போது இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்று பெயரோடு எல்லை சொல்வார்கள். மா கணக்கில் குழி கணக்கில் அளந்து சொல்வார்கள். வாய்க்காலுக்குப் பெயர் இல்லாமல் எல்லை இல்லை. இன்று பட்டாவில் புல எண் இருக்கிறது. உட்பிரிவு எண் இருக்கிறது. பெயர் எங்கே? வீட்டு மனையாக மாறிய வயலுக்கு நகர் என்று ஒரு புதுப்பெயர் வந்துவிடுகிறது. பழைய பெயரைச் சொன்னவர் போனால் அதுவும் அவரோடு போய்விடும்.

மாணவச் செல்வங்களே, உங்களைத்தான் கேட்கிறேன். கையில் கைப்பேசி இருக்கிறது. அதில் ஒலிப்பதிவு இருக்கிறது. வீட்டில் இருக்கும் தாத்தாவிடம், அப்பாயியிடம், அம்மாச்சியிடம் உட்காருங்கள். "நம்ம வயலுக்கு என்ன பேரு? அந்த மதகுக்கு என்ன பேரு? ஏன் அந்தப் பேரு?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் ஒலியை அப்படியே பதிவு செய்யுங்கள். நீங்களாகத் திருத்தாதீர்கள். கொடவாசல் என்றால் கொடவாசல் என்றே எழுதுங்கள். நெலம் என்றால் நெலம் என்றே எழுதுங்கள். பிறகு பக்கத்திலே எழுத்து வடிவம் எழுதிக்கொள்ளலாம். ஓர் ஊருக்கு ஒரு நோட்டுப் புத்தகம். பெயர், சொன்னவரின் வயது, எந்தத் திசை, எந்த வாய்க்கால் பாசனம், இவ்வளவு இருந்தால் போதும்.

குடவாசல் வட்டத்தில் எத்தனை ஊர்! சேங்காலிபுரம் இருக்கிறது, மஞ்சக்குடி இருக்கிறது, எண்கண் இருக்கிறது, கொரடாச்சேரி இருக்கிறது. ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒரு நோட்டுப் புத்தகம் வந்தால், குடவாசல் வட்டத்து ஊர்ப்பெயர்த் தொகுதி என்று முதல் நூலை நாமே அச்சிடலாம். அடுத்த முறை இந்த அரங்கில் கூடும்போது, ஊருக்கு ஒருவராவது எழுதியதைக் கொண்டு வாருங்கள். மேடை ஏறி உங்கள் வயலின் பெயரை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். கேட்பதற்கு நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.